ஏழாம் படி மந்திரமும் ஒரு சாய்தளமும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிநூலில், வெட்டுண்ட கைகால்களை மீண்டும் முளைக்கச் செய்யும் 'ரீஜெனரேட்' என்ற மந்திரம் ஏழாம் படியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிமிடம் ஓதி உடலைத் தொட்டால் இழந்த விரலோ காலோ இரண்டே நிமிடத்தில் வளர்ந்துவிடும் என்றும், வெட்டுண்ட உறுப்பை வெட்டுவாயில் பொருத்திப் பிடித்தால் உடனே ஒட்டிக்கொள்ளும் என்றும் அந்த விதி சொல்கிறது. இத்தகைய மந்திரங்களைச் சுட்டிக்காட்டித்தான், மாயம் நிறைந்த கற்பனை உலகங்களில் மாற்றுத்திறனாளிக் கதாபாத்திரங்களுக்கு இடமில்லை என்ற வாதம் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. கை முளைக்கும் உலகில் செயற்கைக் கை எதற்கு, கண் திறக்கும் உலகில் ஊன்றுகோல் எதற்கு என்ற கேள்வி முதல் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கேட்பவர்கள் மந்திரத்தின் பெயரைப் படித்த அளவுக்கு அதன் நிபந்தனைகளைப் படிக்கவில்லை என்பதை அதே விதிநூலைக் கொண்டே காட்டிவிட முடியும்.

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட இந்த விளையாட்டில் வெற்றிதோல்வி என்று எதுவும் கிடையாது. மேசையைச் சுற்றி அமரும் நான்கைந்து பேரில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்' எனப்படும் கதைநடத்துநராகி உலகத்தையும் எதிரிகளையும் விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று தாம் செய்ய விரும்புவதைச் சொல்லி, அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடையை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். கதாபாத்திரத்தின் வலிமை, வேகம், அறிவு, கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். ஓர் உடற்குறை கதையில் வந்தால் அது அந்தத் தாளில் எங்கே, எந்த எண்ணாக இடம்பெறும் என்பதுதான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகவும் விளையாடுபவருக்கு அடிப்படையாகவும் தோன்றும் சிக்கல்.

மந்திரத்தின் விலைவாசி

கதாபாத்திரங்கள் முதல் நிலையில் தொடங்கி இருபதாம் நிலைவரை உயர்கின்றன. மந்திரங்களோ ஒன்றிலிருந்து ஒன்பதுவரை படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இறைவனின் அருளால் மந்திரம் செய்யும் 'கிளெரிக்' என்னும் பூசகர், பதின்மூன்றாம் நிலையை எட்டிய பிறகே ஏழாம் படி மந்திரத்தைச் செய்ய முடியும். அப்போதும் நாளொன்றுக்கு ஒரு முறைதான். வாரம் ஒருமுறை கூடி விளையாடும் குழு அந்த நிலையை எட்டுவதற்குள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும், பல குழுக்கள் அதற்கு முன்பே கலைந்தும் போய்விடும் என்பது ஒருபுறமிருக்க, கதைக்குள் இருக்கும் உலகத்துக்கு இதன் பொருள் என்னவென்று பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையானது: நாட்டிலேயே தலைசிறந்த பூசகர்களுள் ஒருவர், போருக்கும் போகாமல், சாபம் நீக்கவும் போகாமல், விடிந்தால் கை முளைக்கவைப்பதே வேலையாக இருந்தாலும் ஆண்டுக்கு 365 பேருக்கு மேல் குணப்படுத்த முடியாது. டிராகன்களும் தீராத போர்களும் உள்ள உலகில் ஒரே ஒரு முற்றுகையின் மாலைப்பொழுது அந்த எண்ணிக்கையைத் தின்றுவிடும்.

அடுத்து கூலி. அதே விதிநூலில் தனித்திறன் இல்லாத கூலியாளின் நாட்சம்பளம் 2 வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு சேர்ந்தால் ஒரு பொற்காசு. பார்வையின்மையையும் கேளாமையையும் நீக்கவல்ல 'லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன்' இரண்டாம் படி மந்திரம் என்பதால் ஊரிலேயே ஆள் கிடைப்பார், ஆனால் அந்தப் படியிலுள்ள மந்திரத்துக்கு 10 முதல் 50 பொற்காசுவரை கேட்கப்படலாம் என்கிறது நூல். அதாவது உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் கூலியாளுக்கு 50 முதல் 250 நாள் உழைப்பு. இறந்தவரை எழுப்பும் ஐந்தாம் படி மந்திரமான 'ரெய்ஸ் டெட்'டுக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், அது சடங்கிலேயே கரைந்தும் போகும். கூலியாளின் கணக்கில் அது 2,500 நாள், ஏறக்குறைய ஏழாண்டு. இவ்வளவு கொடுத்த பிறகும் அந்த மந்திரம் உயிரைத்தான் திருப்பித் தருமே தவிர, இழந்த உறுப்பைத் திருப்பித் தராது என்று விதியே தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. ஆக, போர்க்களத்தில் கையை இழந்து, உயிரையும் இழந்து, ஏழாண்டுக் கூலிக்கு ஈடான வைரத்தால் உயிர்த்தெழுந்த ஒருவர் ஒற்றைக் கையோடுதான் வீடு திரும்புவார். மந்திரம் இருப்பதால் உடற்குறையே இருக்காது என்று சொல்பவர்கள், மருத்துவமனை இருப்பதால் ஊரில் நோயாளியே இருக்கக்கூடாது என்று சொல்வதற்கு ஒப்பான தவற்றையே செய்கிறார்கள்.

விலை ஒரு தடை என்றால் சொல் மற்றொன்று. ரீஜெனரேட் மந்திரம் பேசுவது வெட்டுண்ட உறுப்பைப் பற்றி. பிறவியிலேயே கையில்லாதவருக்கு வெட்டுண்டது என்று எதுவும் இல்லை. குணப்படுத்தும் மந்திரங்களின் பெயர்களில் பலவும் 'மீட்டல்' என்ற பொருளைத் தாங்கி நிற்கின்றன. மீட்பதற்கு முன்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாமல், சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த ஒருவரிடம் எந்தப் பழைய நிலையை இந்த மந்திரம் மீட்கும் என்பது வெறும் சொல்விளையாட்டு அன்று; கேளாமையை நோயாகக் கருதாமல் ஒரு மொழிச்சமூகத்தின் அடையாளமாகக் கருதுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள், காது கேட்கவைக்கும் மந்திரத்தை அவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணுவது கேட்கும் திறனுள்ளவர்களின் ஊகம் மட்டுமே.

இந்த இடத்தில் மாற்றுத்திறன் ஆய்வுகளில் வழங்கும் ஒரு பாகுபாட்டை நினைவூட்டுவது பயன்தரும். உடலில் உள்ள குறையே சிக்கல், அதைச் சரிசெய்வதே தீர்வு என்று கொள்வது மருத்துவ நோக்கு. உடலின் குறை வேறு, அந்த உடலோடு வாழவிடாமல் சமூகம் எழுப்பும் தடை வேறு, மனிதரை இயலாதவராக்குவது பின்னதே என்று கொள்வது சமூக நோக்கு. பிரிட்டனில் உடற்குறையுடையோரே நடத்திய ஓர் இயக்கம் 1976இல் வெளியிட்ட அடிப்படைக் கொள்கை அறிக்கையில் இந்தப் பிரிப்பு வடிவம் பெற்றது. அதற்குச் சமூக நோக்கு என்ற பெயரைப் பரப்பியவர் மைக் ஆலிவர் என்னும் சமூகவியலாளர், 1983இல். மந்திர உலகத்தைப் பற்றிய வாதத்தில் பெரும்பாலும் முதல் நோக்கு மட்டுமே ஒலிக்கிறது: உடலை மாற்று, சிக்கல் தீர்ந்தது. படிக்கட்டை மாற்றலாமே என்று யாரும் கேட்பதில்லை.

இடைக்காலத்தில் இல்லாததா?

மந்திரம் பற்றிய வாதம் தோற்கும்போது வரலாறு துணைக்கு அழைக்கப்படும்: இந்த உலகங்கள் ஐரோப்பிய இடைக்காலத்தைப் போன்றவை, அங்கே சக்கர நாற்காலியில் வீரர் ஏது என்று கேட்கப்படும். நெருப்பைக் கக்கும் பறக்கும் பல்லிகளை ஏற்றுக்கொண்டவர்கள் சக்கரத்தைக் கண்டு திடுக்கிடுவது வேடிக்கைதான். அதைவிட, அந்தக் காலத்து வரலாறு இவர்கள் நினைப்பதைப்போல் முழுமையான உடல்களால் மட்டும் ஆனதன்று. பொஹீமியாவின் மன்னர் ஜான் பார்வையிழந்த பிறகும் 1346இல் கிரெசி போர்க்களத்தில் இறங்கினார். தோழர்களின் குதிரைகளோடு தம் குதிரையைக் கட்டச் செய்து, அந்தக் கட்டோடே எதிரிப்படைக்குள் புகுந்து மாண்டார். ஹஸ்ஸைட் படைத்தலைவர் யான் ஜிஷ்கா ஏற்கனவே ஒரு கண்ணில்லாதவர். 1421இல் மற்ற கண்ணையும் இழந்து, அதன் பிறகும் படை நடத்தினார். ஜெர்மானிய வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன் 1504இல் பீரங்கிக் குண்டால் வலக்கையை இழந்து, வில்விசையால் மடங்கி நிற்கும் விரல்களைக் கொண்ட இரும்புக் கையைப் பொருத்திக்கொண்டு மேலும் பல பத்தாண்டுகள் வாளெடுத்தார். இடைக்காலத்தைச் சற்றுத் தாண்டினால், நடக்க இயலாத நூரெம்பர்க் கடிகாரக் கைவினைஞர் ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர், 1655 வாக்கில், கையால் சுழற்றும் பிடியும் பற்சக்கரங்களும் கொண்டு தம்மைத் தாமே செலுத்திக்கொள்ளும் மூன்று சக்கர நாற்காலியைச் செய்தார். மந்திரம் எதுவும் இல்லாத ஊரில், கடிகாரம் பழுதுபார்க்கும் கைகளுக்கு எட்டிய கருவி, குள்ளர்களும் கொல்லர்களும் மாயவினைஞர்களும் நிறைந்த ஊரில் எட்டாமற் போவதற்குக் காரணம் கற்பனையின் வறட்சி ஒன்றே.

உண்மையில் உடற்குறை இந்த விளையாட்டிலிருந்து மறைந்ததற்குக் காரணம் மந்திரமும் அன்று, வரலாறும் அன்று, கணக்கெழுதும் முறை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காயத்தை 'ஹிட் பாயின்ட்' என்னும் உயிர்ப்புள்ளிகளால் அளக்கிறது. நூறு புள்ளி உள்ளவரும் ஒரே புள்ளி எஞ்சியவரும் ஒரே வேகத்தில் ஓடுவார்கள், ஒரே வலுவில் வெட்டுவார்கள். புள்ளி தீர்ந்தால் விழுவார்கள், ஓய்வெடுத்தால் எழுவார்கள். தழும்போ நொண்டலோ தங்குவதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2014 பதிப்பில் கதைநடத்துநருக்கான நூலில் நிலைத்த காயங்களுக்கு ஒரு விருப்ப அட்டவணை தரப்பட்டது: இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஒரு கண், 2 விழுந்தால் கை, 3 விழுந்தால் கால். காலை இழந்தவரின் வேகம் பாதியாகும், ஓடினால் விழுவார், சமநிலை வேண்டும் செயல்களில் பின்தங்குவார் என்று அட்டவணை பட்டியலிடுகிறது. உடற்குறை அங்கே வருவது தண்டனையாகவும் கழித்தலாகவும் மட்டுமே. பழகிய உடல் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுகொள்ளும் என்பதை எந்த அட்டவணையும் பகடையில் வைக்கவில்லை.

மற்ற விளையாட்டுகள் வேறு வகையில் தடுமாறின. 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட குர்ப்ஸ் விளையாட்டில் கதாபாத்திரத்தைப் புள்ளிகள் கொடுத்து வாங்க வேண்டும். குறைகளை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். அதன் நான்காம் பதிப்பில் பார்வையின்மைக்கு 50, கேளாமைக்கு 20, ஒற்றைக் கண்ணுக்கு 15. நேர்மையான வணிகம்போலத் தோன்றினாலும், புள்ளி வேண்டும் என்பதற்காகக் கண்ணை விற்றுவிட்டு ஆட்டம் முழுவதும் அதை மறந்துவிடும் பழக்கத்துக்கு அது வழிவிட்டது. பாத்ஃபைண்டர் விளையாட்டின் 2010ஆம் ஆண்டு நூலொன்றில் அறிமுகமான 'ஆரக்கிள்' என்னும் அருள்வாக்காளர் வகை, தெய்வ அருளுக்கு விலையாக ஒரு சாபத்தைச் சுமக்கிறது. மங்கிய பார்வை, கேளாமை, கால் ஊனம் ஆகியவை அந்தச் சாபப் பட்டியலில் இருந்தன. கேளாமைச் சாபத்தைப் பெற்றவர் எல்லா மந்திரங்களையும் ஓசையின்றிச் செய்யலாம் என்ற விதி நுட்பமானது; ஆனால் நுட்பத்தைச் 'சாபம்' என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டதால் அதன் சுவை பாதி கெட்டது. அதே பாத்ஃபைண்டரின் 2021ஆம் ஆண்டு 'கிராண்ட் பஜார்' நூல், மாயச் சந்தைக் கடைகளில் சக்கர நாற்காலியையும் செயற்கை உறுப்பையும் கேட்புக் கருவியையும் மற்றப் பொருள்களோடு விலையிட்டு அடுக்கியது. பதினோராண்டில் சாபம் சரக்காக மாறியது சிறு மாற்றமன்று.

போர்ச்சக்கர நாற்காலி

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மாற்றுத்திறனாளியான சாரா தாம்சன் என்னும் வடிவமைப்பாளர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கான (மேலே சொன்ன 2014 பதிப்பு இதுவே) 'காம்பாட் வீல்சேர்' என்ற விதித்தொகுப்பை இலவசமாக வெளியிட்டபோதுதான், அதுவரை ஆங்காங்கே முணுமுணுக்கப்பட்ட வாதம் பொதுவெளிச் சண்டையாக வெடித்தது. சாகசத்துக்குப் போகும் வீரர் பயன்படுத்தும் சக்கர நாற்காலிக்குரிய விதிகளே அதன் உள்ளடக்கம்: ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் விதி இருப்பதுபோல நாற்காலிக்கும் விதி. ஸ்ட்ராட்டா மினியேச்சர்ஸ் நிறுவனம் நாற்காலியில் அமர்ந்த வீரர்களின் சிற்றுருவப் பொம்மைகளை வார்த்தது. 'கிரிட்டிக்கல் ரோல்' என்னும் புகழ்பெற்ற நேரலைத் தொடரின் இரண்டாம் கதைவரிசையில், கதைநடத்துநர் மேத்யூ மெர்சர், பனிப்பிரதேசத்தில் வழிகாட்டியாக வரும் டேகன் அண்டர்தார்ன் என்ற குள்ளரை அந்த நாற்காலியில் அமர்த்தினார். எதிர்ப்பாளர்களுக்கு உறுத்தியது நாற்காலியின் ஆற்றல் அன்று. குணமாகும் வாய்ப்பிருந்தும் ஒருவர் குணமாகாமல் இருக்கிறாரே என்பதுதான்.

அருளோ மாயமோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கருவி தேவைப்படும் கதை, கதைமரபுகளுக்குப் புதிதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணிழக்கும் சுந்தரருக்கு, திருவெண்பாக்கத்தில் இறைவன் தருவது பார்வையை அன்று, ஓர் ஊன்றுகோலை. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும்தான் திரும்புகின்றன. திருவாரூர்க் குளத்தைத் தோண்டிய பார்வையற்ற தண்டியடிகள், குழிக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து ஏறி இறங்கினார். கடைசியில் அவருக்கும் கண் திறக்கிறது என்றாலும், குளம் தோண்டப்பட்டது கண்ணால் அன்று, கயிற்றால். அயர்லாந்தின் பழங்கதையில் போரில் கையிழந்த மன்னர் நுவாடா, பழுதற்ற உடல் உள்ளவரே ஆள வேண்டும் என்ற வழக்கத்தால் அரியணையை இழக்கிறார். மருத்துவ தெய்வமான டியான் கெக்ட் அவருக்கு வெள்ளிக் கை செய்து தர, அந்த மருத்துவரின் மகன் மியாக் சதைக் கையையே வளர்த்துத் தருகிறான், அதற்காகத் தந்தையாலேயே கொல்லப்படுகிறான். செயற்கைக் கையா, முளைத்த கையா என்ற இன்றைய மேசைச் சண்டை அந்தக் கதையில் கொலைவரை போயிருக்கிறது.

ஆதரவாளர்கள் செய்யும் பிழைகளும் உண்டு. 2020 நவம்பரில் வெளியான 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற அதிகாரபூர்வ நூல், செயற்கை உறுப்பை மிகச் சாதாரண மாயப்பொருளாகப் பட்டியலில் சேர்த்து, அது இழந்த உறுப்பைப் போலவே அப்படியே இயங்கும் என்று விதித்தது. நல்லெண்ணம்தான், ஆனால் எந்த வேறுபாடும் இல்லாத கை, கதையில் ஒரு நிறமாக மட்டும் எஞ்சுகிறது. மழையில் அது கனப்பது, ஒட்டுமிடத்தில் தோல் தேய்வது என எதுவும் விதியிலிருந்து பிறப்பதில்லை. மற்றொரு பிழை ஈடுகட்டல்: கண்ணில்லாத வீரருக்கு மண்ணின் அதிர்விலிருந்தே எல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டால், அவர் கண்ணுள்ளவரைவிட நன்றாகப் பார்ப்பவராகி, பார்வையின்மை பெயரளவில் நின்றுவிடுகிறது. இத்தகைய பாத்திரத்தை விரும்பி ஆடும் மாற்றுத்திறனாளிகளும் இருப்பதால் அதைத் தடைசெய்யச் சொல்வது அறிவுடைமையாகாது; குழுவில் ஒருவருக்கு ஒருநாள் எல்லாம் வல்லவராக இருந்து பார்க்கத் தோன்றினால் அதற்கும் அந்த மேசை இடம் தர வேண்டும். ஆனால் அது ஒன்றே வழியாகிவிடக் கூடாது.

விதியைவிட நுட்பமான விடை ஒரு கட்டடத்திலிருந்து வந்தது. 2021 மார்ச்சில் வெளியான 'கேண்டில்கீப் மிஸ்டரிஸ்' என்ற தொகுப்பில் பதினேழு சாகசங்கள். அவற்றுள் ஜெனிஃபர் கிரெட்ச்மர் எழுதிய 'தி கனோபிக் பீயிங்' சாகசத்தின் நிலவறையில், சக்கர நாற்காலியில் வரும் வீரரும் முழுவதும் சுற்றிவரும்படி சாய்தளங்களும் தூக்கிகளும் அமைக்கப்பட்டிருந்தன. கொடியவன் தன் பாசறைக்குச் சாய்தளம் கட்டுவானா என்ற ஏளனம் உடனே எழுந்தது. கட்டியிருப்பான் என்பதே நேரான விடை: எகிப்தில் அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைகளிலேயே சரிவான நடைகள் உண்டு, ஏனென்றால் பல டன் எடையுள்ள கல்பேழையை நிலத்தடிக்குக் கொண்டுசேர்க்கச் சரிவு வேண்டும். சுரங்கம் தோண்டும் குள்ளர்களுக்கு வண்டி உருள வேண்டும், டிராகனுக்குப் பொற்குவியல் வந்துசேர வேண்டும். படிக்கட்டுகளால் மட்டும் ஆன நிலவறைதான் நம்பத்தகாதது. இன்னொரு செய்தியைச் சிலரே கவனித்தார்கள். தொகுப்பின் சாகசங்கள் ஏறுநிலையில் அடுக்கப்பட்டவை. இந்தச் சாகசம் பதின்மூன்றாம் நிலைக் கதாபாத்திரங்களுக்கு உரியது. பூசகருக்கு ரீஜெனரேட் மந்திரம் முதன்முதலாகக் கைவசமாகும் அதே நிலையில், கிரெட்ச்மர் சாய்தளத்தை வைத்திருக்கிறார்.

விதிகளுக்குள் இன்னும் தூசு தட்டப்படாத மூலைகள் இருக்கின்றன. மந்திரம் ஓதும் முறை அவற்றுள் முதன்மையானது. ஐந்தாம் பதிப்பில் ஒரு மந்திரத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு: வாயால் ஓதும் சொல், கையால் காட்டும் முத்திரை, சடங்குப் பொருள். வாயைக் கட்டிவிட்டால் பெரும்பாலான மந்திரங்கள் பலிக்காது என்பதால், விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் பேச இயலாதவர் மந்திரவாதியாகவே முடியாது. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, காது கேளாத நிலையிலுள்ளவர் வாயால் ஓதும் மந்திரங்களில் நூற்றுக்கு இருபது தவறிப்போகும் என்றுகூட விதித்திருந்தது. பிறவியிலேயே கேளாதவருக்கும் நேற்றுக் கேட்காமற் போனவருக்கும் ஒரே தண்டனை. இதற்கு மாறாக, ஆர்தர் மன்னர் கதையுலகை ஒட்டி ரிச் ஆக்ஸன்ஹம் உருவாக்கிய 'இன்ஸ்பிரைல்ஸ்' விளையாட்டில் சைகைமொழியே மந்திரத்தின் மொழி; விளையாடுபவர்கள் உண்மையான சைகைகளைக் கற்றுக்கொண்டுதான் மாயத்தைக் கையாள முடியும்.

அந்த வழியை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ஒரே ஒப்பந்தத்தால் கொண்டுவந்துவிடலாம். இந்த மந்திரவாதி ஓதுவது சைகைமொழியில் என்று தொடக்க அமர்விலேயே முடிவுசெய்து, அதற்கு ஈடாக இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும், கேடயம் ஏந்த முடியாது, கைகள் கட்டுண்டால் ஓதுவதும் நிற்கும் என்று வகுத்துக்கொண்டால் கணக்கு சமன்படும். அதன் பிறகு எதிரி 'சைலன்ஸ்' என்ற இரண்டாம் படி மந்திரத்தை ஏவுகிறான் என்று கொள்ளலாம்: இருபதடி ஆரத்துக்குள் பத்து நிமிடம் எந்த ஓசையும் பிறக்காது, உள்ளே அகப்பட்ட அனைவரும் கேளாதவராவார்கள், வாயால் ஓதும் மந்திரம் ஒன்றும் பலிக்காது. பூசகர் வாயசைத்து நிற்பார். வீரர் கத்துவது யாருக்கும் எட்டாது. அந்த வட்டத்துக்குள் கதவைப் பார், வலப்புறம் இருவர், நான் சொன்னதும் குனி என்று சொல்ல முடிந்தவர் அந்த மந்திரவாதி ஒருவர்தான். அதைப் புரிந்துகொள்வது, முதல் நிலையிலிருந்தே அவரோடு நடந்து அவருடைய சைகைகளைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கிய தோழர்கள் யாரோ, அவர்கள் மட்டும்.